வவ்வாலுக்குக் கேட்காத சத்தம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பெயர் வவ்வால். வயதில் சின்னவர்கள் கூடவே ஓர் 'அக்கா'வைச் சேர்த்துக்கொள்வார்கள். மரியாதை அவ்வளவோடு சரி. பெயர் வைத்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து வைக்கவில்லை, காதைப் பார்த்துத்தான் வைத்தார்கள். போனில் ஒருவன் "அப்பா மயங்கிட்டாரு" என்று கதறிக்கொண்டிருப்பான். இவள் நடுவில் புகுந்து, "அங்க பின்னால என்ன சத்தம்? குழாய் ஓடுதா? முதல்ல அதை மூடுங்க, தரை ஈரமானா தூக்குறவங்க வழுக்கி விழுவாங்க" என்பாள். கதறியவன் கதறலை நிறுத்திவிட்டுக் குழாயை மூட ஓடுவான். இன்னொரு முறை, எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் அழுத ஒரு பெண்ணின் போனில் ரயில் போகிற சத்தத்தையும் மரம் அறுக்கிற மெஷின் சத்தத்தையும் பிடித்து, எந்தத் தெரு என்று இவளே சொல்லிவிட்டாள். "அங்க பின்னால என்ன சத்தம்?" என்பது அந்த அறையில் கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது டீ உறிஞ்சினால்கூட அடுத்த மேஜையிலிருந்து அந்தக் கேள்வி வரும். பதினோரு வருடமாக இப்படி.

அப்படிப்பட்டவளுக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, இரண்டு நிமிடம் பத்து வினாடி ஓடிய ஒரு சத்தம் கேட்கவில்லை.

கூப்பிட்டவர் ஒரு சோடா கம்பெனியின் காவலாளி. கீழ்த்தளத்துப் படிக்கட்டின் தலைமாட்டில், சுவரில் மாட்டியிருந்த போனிலிருந்து பேசினார். "கீழ ஒருத்தன் விழுந்து கிடக்கிறான்மா, கூப்பிட்டா அசைய மாட்டேங்கிறான், சீக்கிரம் வண்டி அனுப்புங்க" என்றார். கீழ்த்தளத்தில் சோடாவுக்கு அடைக்கிற வாயு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் மூடி கழன்று, ஸ்ஸ்ஸென்று வாயு வெளியேறிக்கொண்டிருந்தது. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கி நின்று, இறங்குகிற ஆளை மூச்சடைத்துச் சாய்த்துவிடும். அதைக் காட்டிக்கொடுக்க இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

அவளுக்கு அந்த நேரத்தில் தெரு கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட தெரு. வரைபடத்தில் ஒரு பெயர், ஆட்கள் சொல்வது வேறு பெயர். திரையின் மேல் விளிம்பில் ஒரு பட்டை ஓடும். போனை எடுத்ததும் பச்சை. முப்பது வினாடியில் மஞ்சள். நாற்பத்தைந்து வினாடிக்குள் இடத்தைக் குறிக்காவிட்டால் சிவப்பு. சிவப்பானால் மாதக் கடைசியில் பெயரோடு பட்டியலில் வரும். மஞ்சளும் சிவப்பும் வரவிடாமல் பார்ப்பதற்கென்றே வரிசைக்குப் பின்னால் ஷிப்டு அதிகாரி நடந்துகொண்டிருப்பார். அவருக்குப் பெயர் ஸ்டாப்வாட்ச். இவளை வேலைக்குப் பழக்கியவரே அவர்தான்.

நாற்பத்து நான்காவது வினாடியில் தெரு கிடைத்தது, மீதி நேரம் அந்தத் தெருவுக்கு வழி தேடி டிரைவருக்குச் சொல்வதிலேயே போனது. வண்டி போயிற்று. அதில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன், ஆறடிக்கு மேலே வளர்ந்த, எல்லோரும் 'மலை' என்று கூப்பிடுகிற ஆள், படியில் நாலெட்டு வைத்ததும் தலைகுப்புற உருண்டான். டிரைவருக்கு அந்த நிமிடம் புத்தி வேலை செய்தது. தானும் இறங்காமல் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டான். முகமூடி போட்டவர்கள் வந்து இரண்டு பேரையும் வெளியே இழுத்தார்கள். முதலில் விழுந்தவன் வெளிக்காற்று வருகிற துளைக்குப் பக்கத்தில் கிடந்ததால் தப்பி, இரண்டே நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். மலைக்கு மண்டையில் அடி. நினைவில்லாமல் கிடந்தான்.

விசாரணை அடுத்த நாளே ஆரம்பித்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: நிறுவனத்தின் டைரக்டர் அம்மா, வெளியிலிருந்து வந்த ஒரு டாக்டர், ஷிப்டு அதிகாரி என்ற முறையில் ஸ்டாப்வாட்ச். ரெக்கார்டு அறைக்காரர் அழைப்பை ஓடவிட்டார்.

ஸ்ஸ்ஸ்.

காவலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டது. அவர் பேசும்போதும், மூச்சு வாங்கும்போதும் கேட்டது. குக்கர் மூடியில் ஆவி கசிவதுபோல, விடாமல், அசிங்கமாகக் கேட்டது. தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை.

"இது உங்களுக்குக் கேக்கலைன்னு சொல்றீங்களா?" என்றார் டாக்டர்.

"இப்ப கேக்குது."

"அப்ப?"

"அப்ப கேக்கல டாக்டர்."

"செவிடனுக்குக்கூட கேக்கும்மா இது." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த மாதிரி ஆட்களிடம் ஒரு வசதி உண்டு. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு வந்து உட்கார்ந்து, சாய்ந்தபடி கேட்பார்கள். கேட்டுவிட்டு, எப்படிக் கேட்காமல் போகும் என்று ஆச்சரியப்படுவார்கள்.

காதைப் பரிசோதித்துச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை முடிவு. காதில் கோளாறு என்றால் மருத்துவக் காரணம். ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு வேறு வேலை தருவார்கள். கோளாறு இல்லையென்றால் அலட்சியம். அலட்சியத்துக்கு அந்த நிறுவனத்தில் ஒரே தண்டனைதான், வீட்டுக்கு அனுப்புவது.

படிக்கட்டில் ஸ்டாப்வாட்ச் அவளைப் பிடித்துக்கொண்டார். "வவ்வாலு, நான் சொல்றதைக் கேளு. கவனக்குறைவுதான்னு நீயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. டைரக்டர் அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ஸ்டோர்ல ஒரு சீட்டு காலி இருக்கு."

"நான் அலட்சியமா இருந்தேனா சார்?"

அவர் அவளைப் பார்க்காமல் கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். "நான் உன் பின்னாலதானே நின்னேன். நீ ஒழுங்காத்தான் வேலை பாத்த. ஆனா டேப் அப்படிச் சொல்லலையே."

சாயங்காலம் மலையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், போகாமல் இருக்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஸ்டூலில் மலையின் மனைவி ஒரு துணிப்பையை வைத்திருந்தாள். வவ்வால் ஜன்னலில் சாய்ந்து நின்றாள். மலையின் மனைவி வழக்கமாக 'அக்கா, அக்கா' என்று வாய் ஓயாதவள். அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அக்கா இல்லை. 'உங்களுக்கு' மட்டும்தான்.

வவ்வால் பத்து நிமிடம் நின்றாள். பையை எடுத்து ஸ்டூலைத் தர அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் தரவில்லை. கட்டிலில் அந்தப் பெரிய உடம்பு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்து பஸ் ஏறுகிற வரைக்கும் அவளுக்கு ஒரே ஒரு பிரார்த்தனைதான்: என் காது கெட்டுப்போயிருக்கணும். எப்படியாவது கெட்டுப்போயிருக்கணும்.

கெட்டுப்போகவில்லை. காது பரிசோதிக்கிற பெண் அவளைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, கொசுவின் குரலில் ஆரம்பித்து ஒவ்வொரு சத்தமாக விட்டுப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் வவ்வாலின் விரல் பட்டனை அழுத்தியது. பொய்யாக அழுத்தாமல் இருந்துவிடலாமா என்று நடுவில் ஒரு நிமிடம் யோசித்தாள். விரல் கேட்கவில்லை, அது பாட்டுக்கு அழுத்தியது.

"அருமையான காது மேடம். இருபது வயசுப் பொண்ணுக்கு இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் பரிசோதனைக்காரி. வவ்வால் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க இது! காது நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு அழுத முதல் ஆள் நீங்கதான்."

விஷயத்தைச் சொன்னாள். திரை, பட்டை, தெரு, ஸ்ஸ்ஸ் எல்லாவற்றையும். கேட்டவள் சான்றிதழை அச்சடிப்பதை நிறுத்திவிட்டு ஹெட்போனை மறுபடியும் எடுத்தாள்.

"ஒரு விளையாட்டு விளையாடலாம். வலது காதுல ஒரு கதை வரும். ஒரு வார்த்தை விடாம நீங்க கூடவே சொல்லிட்டே வரணும். இடது காதுல வேற ஏதோ வரும், அதைக் கண்டுக்காதீங்க."

கதை வந்தது. யாரோ ஒருவன் கடைக்குப் போய்க் குடை வாங்குகிற சப்பைக் கதை. மூச்சு முட்டச் சொல்லிக்கொண்டே வந்தாள். முடிந்தது.

"இடது காதுல என்ன வந்துச்சு?"

"ஏதோ பொம்பளை பேசினா."

"என்ன பேசினா?"

யோசித்தாள். "தெரியல."

"எட்டே வார்த்தை. அதையே முப்பது தடவை திருப்பித் திருப்பிச் சொன்னா. ஒண்ணுகூடவா தெரியல?"

ஒன்றுகூடத் தெரியவில்லை. பரிசோதனைக்காரி இடது காதை மட்டும் ஓடவிட்டாள். பால், கதவு, சாவி, பச்சை... தெளிவாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல. அதே ஸ்ஸ்ஸ் கதைதான் இது.

"சத்தம் காதுக்கு வந்துச்சு மேடம். காதைத் தாண்டி மூளைக்கும் போச்சு. ஆனா மூளை வர்றதை எல்லாம் ஒரே மாதிரி எடுத்துக்காது. நீங்க எதைக் கவனிக்கிறீங்களோ அதுக்குக் குரலை ஏத்திக் குடுக்கும், மத்ததை அமுக்கிடும். கண்ணுக்கு ரொம்ப வேலை வெச்சா காதோட பங்கு இன்னும் குறையும். வரைபடத்துல பொடி எழுத்துல தெருவைத் தேடறப்ப யாருக்குமே நடக்கும். நீங்க கேக்காம விட்டதில்ல. உங்களுக்கு அப்ப அது இல்லவே இல்ல."

"அப்ப மத்த நேரத்துல எனக்கு எப்படிக் கேக்குது? குழாய், ரயில் எல்லாம்?"

"தேடறீங்க, அதான் கேக்குது. தேட நேரம் இருக்கும்போது."

அந்தக் கடைசி வார்த்தை அவளை விடவில்லை. மற்ற நாட்களில் எப்போது தேடுவாள்? இடத்தைக் கண்டுபிடித்த பிறகா, முன்பா? முன்பேதான். முகவரி கேட்டுக்கொண்டே, பாதியில் நிறுத்தி, 'அங்க பின்னால' என்று ஆரம்பிப்பாள். அன்றைக்கு ஏன் ஆரம்பிக்கவில்லை?

திங்கட்கிழமை ரெக்கார்டு அறைக்குப் போனாள். விசாரணையில் இருப்பவர்கள் தங்கள் அழைப்பைக் கேட்டுக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. கேட்கத்தான் யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. ரெக்கார்டு அறைக்காரர் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். "எத்தனை தடவைதான் உங்களை நீங்களே அடிச்சுக்குவீங்க?" என்றார்.

முதல் தடவை ஸ்ஸ்ஸ். இரண்டாம் தடவையும் ஸ்ஸ்ஸ். அது இப்போது மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நின்றது, காவலாளியின் குரல்கூட அதற்குப் பின்னால்தான் கேட்டது. சபித்துக்கொண்டே ஹெட்போனைக் கழற்றப் போனவள், பரிசோதனைக்காரியின் குடைக் கதையை நினைத்துக்கொண்டாள். எந்தக் காதைச் சொன்னாளோ அந்தக் காதுதானே கேட்டது! இவர்கள் எல்லோரும், நானும் சேர்ந்து, காவலாளியின் பக்கத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தை, நான் உட்கார்ந்திருந்த பக்கத்தை, யாராவது கேட்டோமா?

கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ஸ்ஸை விட்டுவிட்டாள். அதை விடுவது சாதாரண வேலையாக இல்லை. ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தது. ஐந்தாவது தடவை, முப்பத்தைந்தாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட, முதலில் அவளுடைய விரல்கள் அசைந்தன. மடியில் சும்மா கிடந்த வலது கை விசைப்பலகையைத் தேடுவதுபோலத் துள்ளியது. அதற்குப் பிறகுதான் கேட்டது.

டக். டக். டக்.

கண்ணாடித் தடுப்பில் பேனா தட்டுகிற சத்தம். பட்டை மஞ்சளானதும் ஸ்டாப்வாட்ச் தட்டுவார், ஒவ்வொரு நாளும், ஒவ்வொருவருடைய தடுப்பிலும். பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு அது காதுக்கே போவதில்லை, நேராகக் கைக்குப் போய்விடும். அந்த அறையில் யாரைக் கேட்டாலும், அவர் தட்டுகிறாரா என்ன, என்று திருப்பிக் கேட்பார்கள்.

"திரும்பப் போடுங்க," என்றாள். "இருபத்தஞ்சாவது வினாடியிலேருந்து."

டக் டக் டக்குக்கு ஒரு நொடி முன்னால் அவளுடைய குரல். 'அங்க பின்னால...' அப்புறம் அந்த மூன்று தட்டு. அப்புறம் அவளே, அவசரமாக, 'பக்கத்துல ஏதாவது பெரிய கட்டடம் இருக்கா?'

ரெக்கார்டு அறைக்காரர் டேப்பை நிறுத்தினார். "நான் இதை ஒரு பதினஞ்சு தடவை கேட்டிருப்பேன்மா," என்றார்.

வீட்டில் அவள் புருஷன் தையல் மெஷின் மோட்டார் ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொன்னாள். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டான்.

"அப்புறம் என்ன? போட்டு உடைச்சிடு வியாழக்கிழமை!"

"அவர் வேலை போயிடுங்க."

"உன் வேலை போகலாமா?"

"வேணும்னு தட்டலையே அவரு. தட்டினதே அவருக்குத் தெரியாது. போன வருஷம் நம்ம பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் என் ஷிப்ட்டையும் சேர்த்து அவரே பாத்தாரு. அந்த மனுஷனைப் போய், எல்லாரும் இருக்கிற இடத்துல..."

"மலை பொண்டாட்டிகிட்ட போய் இதைச் சொல்லு," என்றான் அவன். கோபத்தில் சொன்னானோ யோசித்துச் சொன்னானோ, அது அவளுக்குச் சுருக்கென்றது. தன் வேலை போனால் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டை நாளைக்கும் ஓடும். அந்தப் பேனா நாளைக்கும் தட்டும். அடுத்த படிக்கட்டில் இன்னொருவன் இறங்குவான். அதை நினைத்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை. அதே நீள மேஜை, அதே மூன்று பேர். காது பரிசோதனைச் சான்றைப் படித்துவிட்டு டாக்டர், "ஆக, கோளாறு இல்லை," என்றார். அந்த வாக்கியத்தின் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாப்வாட்ச் அவளைப் பார்த்து, கடிதம் எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். கடிதம் இல்லை.

"டேப்பை இன்னொரு தடவை போடணும் மேடம்," என்றாள்.

"ஆறு தடவை கேட்டாச்சும்மா."

"ஏழாவது தடவை வேற மாதிரி கேக்கணும். அந்த ஸ்ஸ்னு வர்ற சத்தத்தை விட்டுடுங்க. என் பக்கத்துல ஏதாவது கேக்குதான்னு மட்டும் பாருங்க. கண்ணை மூடிக்கிட்டா நல்லது."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். டைரக்டர் அம்மா ஒரு நிமிடம் அவளையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள். ஸ்டாப்வாட்ச் நல்ல மாணவன் மாதிரி, பேனாவை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்தபடி, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவர் அப்படி நம்பி மூடியதை வவ்வால் பார்த்தாள். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். ரெக்கார்டு அறைக்காரர் அதற்குள் ஓடவிட்டார்.

பத்து வினாடி. இருபது. அங்க பின்னால... டக். டக். டக்.

டைரக்டர் அம்மா கண்ணைத் திறந்தாள். "யாரோ தட்டறாங்களே?"

"ஆமா, ஏதோ தட்டுது," என்றார் டாக்டர், ஒப்புக்கொள்ளப் பிடிக்காதவர் போல.

ஸ்டாப்வாட்ச் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க தட்டுது? நான் நல்லாத்தான் கேட்டேன். அவ பேசறது மட்டும்தான் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது, அதுதான் பயங்கரமாக இருந்தது. டைரக்டர் அம்மா, "திரும்பப் போடுங்க, முப்பதுலேருந்து," என்றாள்.

இந்தத் தடவை அவருக்குக் கேட்டது. கேட்ட நொடியை வவ்வால் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் முதலில் எதுவும் மாறவில்லை. கண் மட்டும் மெதுவாக இறங்கித் தன் கையில் இருந்த பேனாவுக்கு வந்தது. அதை மேஜையில் வைத்தார். வைத்தது உருண்டது, உருளாமல் இருக்க உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது நான்தான் மேடம்."

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "தட்டினா என்ன? தட்டினதால அந்தச் சத்தம் காதுல விழாம போயிடுமா?"

"தட்டறதுக்கு முன்னாடி நான் என்ன சொல்றேன்னு கேளுங்க," என்றாள் வவ்வால். மறுபடி ஓடியது. 'அங்க பின்னால...'

"அந்தச் சத்தத்தைப் பத்திக் கேக்க வந்தீங்களா?" என்றார் டாக்டர்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு தலையாட்டல்கூடப் போதும். அவளுக்கு அந்த ஆமாமை எடுத்துக்கொள்ளக் கை நீண்டது, எடுக்கவில்லை.

"தெரியல டாக்டர். ஆமான்னு சொன்னா எனக்கு நல்லது. ஆனா ஞாபகம் இல்ல. கம்பெனிக்குப் பின்னால என்ன தெருன்னு கேக்க வந்திருந்தாலும் வந்திருப்பேன். எனக்கு நிஜமாவே தெரியாது."

டாக்டர் கையை விரித்தார். "அப்ப இதுல என்ன நிரூபணம்?"

"எனக்குத் தெரியும்."

பேசியவர் ஸ்டாப்வாட்ச். பேனாவை இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷமா இவ பின்னால நிக்கிறேன் மேடம். 'அங்க பின்னால'ன்னு ஆரம்பிச்சா அடுத்த வார்த்தை 'என்ன சத்தம்'தான். வேற எதுவும் அவ கேட்டதே இல்ல. ரூம்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க, சின்னப் பசங்க எல்லாம் இதைச் சொல்லித்தான் இவளைக் கேலி பண்ணுவாங்க." நிறுத்தினார். "அவ காதுக்கு அது வர ஆரம்பிச்சிருச்சு. நான்தான் தட்டி விரட்டிட்டேன்."

டைரக்டர் அம்மா அவரையே பார்த்தாள். "இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"இப்பவே குடுக்கிறேன்," என்றார். பக்கத்திலிருந்த தாளை இழுத்தார். எழுத வேண்டுமென்றால் அந்தப் பேனாவைத்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வவ்வால் தன் பையிலிருந்து வேறு பேனா எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அவள் அழுதாள், எதற்கு என்று கேட்டால் மூன்று நான்கு காரணம் சொல்லியிருப்பாள்.

வேலை போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஹெட்செட் திரும்பி வந்தது. முதல் ஒரு நிமிடத்துக்குத் திரையில் பட்டை ஓடக்கூடாது, இடம் தேட ஒருவர், கூப்பிட்டவரைக் கேட்க ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஸ்டாப்வாட்ச் தானாகவே கேட்டு வண்டிகள் பிரிவுக்குப் போய்விட்டார். போகிற அன்று வவ்வாலின் மேஜைப் பக்கம் வந்து நின்று, கண்ணாடித் தடுப்பை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மலை கண் விழித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கி வைப்பதுபோலப் பேசினான். மனைவி மூலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டூலில் அதே துணிப்பை.

பேனாவைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் வந்தாள். வாய் வரவில்லை. ஜன்னலோரம் போன தடவை நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டாள்.

"அக்கா," என்றான் மலை. "ஏதோ சத்தம் வந்துச்சாமே. டேப்புல."

"வந்துச்சுப்பா. எனக்குக் கேக்கல."

அவன் கூரையைப் பார்த்தான். "நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். நீங்க போன்ல கேட்டீங்க. நான் அந்தக் கதவுகிட்டயே நின்னேன். எவ்வளவு பக்கம்! எனக்குல்ல முதல்ல கேட்டிருக்கணும்."

"கேக்கலையா?"

"இல்லக்கா. கீழ அந்த ஆளோட கால் தெரிஞ்சுது. ஒரு செருப்பு இருக்கு, ஒரு செருப்பு இல்ல. அதையே பாத்துட்டு எறங்கினேன். வேற ஒண்ணும் எனக்குக் கேக்கல."

டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது. மலையின் மனைவி குழாயை மூடிவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலிலிருந்து பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"உக்காருங்கக்கா," என்றாள்.